விடிந்தும் காலியாகாத தீனிப்பை: மீட்கப்பட்ட முட்டைக்கோழிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான சிற்றூர் ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், ஐப்பசி மாதத்தில், கடையை மூடிவிட்டுச் சொந்த ஊர் திரும்பவிருந்த கறிக்கடைக்காரரிடம் விற்காமல் எஞ்சிய 12 முட்டைக்கோழிகளை மொத்தமாக விலை கொடுத்து வாங்கினார். வீட்டின் பின்புறச் சவுக்குத் தோப்பை ஒட்டி, ஒருகாலத்தில் ஆடு கட்டியிருந்த கொட்டகையில் அவை விடப்பட்டன. ஆசிரியை எனக்கு உறவு. நான் கால்நடைப் பராமரிப்பு உதவியாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் கோழிகளைப் பிடித்துக் காட்டுவதும் குறிப்பெடுப்பதும் என் பொறுப்பாயின. கண்டறிதலும் சிகிச்சையும் முழுவதும் கால்நடை மருத்துவருடையவை.

இவை நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் கூண்டில் வளர்ந்து, ஏறத்தாழ ஒன்றரை வயதில் முட்டை குறையத் தொடங்கியதும் கழிக்கப்பட்டு, லாரியில் ஏற்றப்பட்டு, இப்பகுதிக் கடைகளில் 'லேயர் கோழி' என்ற பெயரில் விற்கப்படும் வெள்ளைக் கோழிகள். அவற்றின் முந்தைய வாழ்க்கையில் மூன்று செய்திகள் இந்த ஆய்வுக்கு முக்கியமானவை. முதலாவது, குஞ்சுப் பருவத்திலேயே அலகு வெட்டப்பட்டதால் மேல் அலகு கீழ் அலகைவிடக் குட்டையாக இருந்தது. புல்லைக் கத்தரித்து உண்ண அந்த அலகால் இயலாது, இழுத்து நீளமாக விழுங்கத்தான் முடியும். இரண்டாவது, வாழ்நாள் முழுவதும் அரைத்த தீவனத்தையே தின்றதால் அவற்றின் அரைவைப்பைக்கு (தீனியை அரைக்கும் தசைப்பை) கடினமான வேலை பழக்கமில்லை. மூன்றாவது, ஆண்டுக்கு 300 முட்டைகளுக்கு மேல் இடுமாறு உருவாக்கப்பட்ட இனம் என்பதால், கழிக்கப்படும் வயதில் கருமுட்டைக் குழாய்க் கோளாறுகள் இவற்றில் மிகச் சாதாரணம்.

வந்தபின் செய்த ஏற்பாடுகள்

கொட்டகையின் தரையில் தோப்பில் கிடைத்த சவுக்குச் சருகு கனமாகப் பரப்பப்பட்டது. கிளிஞ்சல் ஒரு சட்டியில் தனியாக வைக்கப்பட்டது. கடையில் வாங்கிய முட்டைக்கோழித் தீவனத்துடன், வீட்டில் மீந்த சோறும் வாழைப்பழமும் தரப்பட்டன. பயணக் களைப்புக்கு என்று கடைக்காரர் சொல்லி அனுப்பிய டெட்ராசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லிப் பொடி சில நாள்கள் குடிநீரில் கலக்கப்பட்டது. இரண்டாம் நாளே கோழிகள் தோப்புக்குள் திறந்துவிடப்பட்டன. கூண்டுக்கு வெளியே கால் வைத்தறியாத கோழிகள் மண்ணைக் கிளறுவதைப் பார்க்க ஊரே வந்தது என்று ஆசிரியை சொன்னார். அந்த மகிழ்ச்சியில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் பின்னால் வந்த தொல்லைகளுக்கான காரணங்கள் பெரும்பாலும் இந்த ஒரே பத்தியில் அடங்கியிருக்கின்றன.

ஒவ்வொரு கோழிக்கும் நிற வளையம் ஒன்று காலில் மாட்டப்பட்டது. சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதி வைத்தோம். பெரும்பாலானவை 1.1 கிலோவுக்கும் 1.3 கிலோவுக்கும் இடையில் இருந்தன; எல்லாவற்றிலும் மார்பெலும்பு கூராகத் துருத்தியது. மஞ்சள் வளையக் கோழி மட்டும் 1.42 கிலோ இருந்தது. அதுவே தேறிய கோழி என்று அப்போது கருதப்பட்டது.

முதலில் கண்டவை

இரண்டு வாரம் கழிந்தபின், சில கோழிகள் தீவனத் தட்டுக்கு வந்து ஓரிரு முறை கொத்திவிட்டு ஒதுங்கி நிற்பதும், ஒன்று அடிக்கடி கழுத்தை நீட்டிக் கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறப்பதும் கண்ணில் பட்டன. சாயங்காலம் பார்த்ததில் எல்லாக் கோழிகளுக்கும் தீனிப்பை, அதாவது தின்ற தீனி முதலில் தங்கி ஊறும் கழுத்தடிப் பை, புடைத்தே இருந்தது. அதிலிருந்து எதுவும் தெரியவில்லை. அடையும் நேரத்தில் நிறைந்திருப்பதுதான் இயல்பு. கோழி இரவில் தின்பதில்லை. ஆனால் தீனிப்பையில் ஊறிய தீனி இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். எனவே நலமான கோழியின் தீனிப்பை விடியற்காலையில், முதல் தீனிக்கு முன், தட்டையாகிக் கைக்கே அகப்படாமல் இருக்க வேண்டும்.

அதனால் மறுநாள் பொழுது புலரும்போது, கொட்டகையைத் திறக்காமல், ஒவ்வொரு கோழியாக மடியில் வைத்துக் கழுத்தடியில் சற்று வலப்புறமாக விரல்களால் தடவிப் பார்த்தோம். ஒன்பது கோழிகளில் தோலுக்கு அடியில் எதுவும் தட்டுப்படவில்லை. சிவப்பு வளையக் கோழியின் தீனிப்பை கெட்டியாக, விரலால் அழுத்திய பள்ளம் அப்படியே நிற்கும்படி இருந்தது. உள்ளே நார்த்திரள் ஒன்று உருண்டது. நீல வளையக் கோழியினுடையது தொளதொளவென்று நீர் தளும்பியது. அதன் வாயருகே முகர்ந்தால் புளித்த வாடை வீசியது. வாயோரத்தில் வெண்ணிறப் படிவும் இருந்தது. மஞ்சள் வளையக் கோழியின் தீனிப்பையிலும் நீர்தான், ஆனால் அளவு குறைவு, வாடையும் இல்லை. மூன்று தீனிப்பைகளும் விடிந்தும் காலியாகவில்லை என்பது மட்டுமே அவற்றுக்குப் பொதுவானது.

வெள்ளைக்கழிச்சலா?

பக்கத்து வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கும் ஆயா ஒருவர், வாடையைக் கேள்விப்பட்டதுமே தம் கோழிகளைப் பஞ்சாரத்தில் அடைத்துவிட்டார். "டீச்சரம்மா, இது வெள்ளைக்கழிச்சல்தான். உங்க கோழிங்க வாங்கியாந்ததை எங்க கோழிங்களுக்கும் குடுத்துடும்" என்று அவர் சொன்னதில் நியாயம் இருந்தது; தீனிப்பையில் நீர் கோத்தலும் புளித்த வாடையும் அந்நோயிலும் உண்டு. ஆனால் வெள்ளைக்கழிச்சல் கூட்டத்தில் வேகமாகப் பரவும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சிரைப்பு, கழுத்துத் திருகல், திடீர்ச் சாவு என அடுத்தடுத்து வரும். இங்கோ 12 கோழிகளில் மூன்று மட்டும், அதுவும் ஒன்றுக்கொன்று ஒப்பில்லாத குறிகளுடன், பல நாள்களாக மெல்ல மெல்ல நலிந்திருந்தன. மருத்துவர் நேரில் பார்த்து அந்நோய் இருக்க வாய்ப்பில்லை என்று கூறினார். இருந்தாலும் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கவும், இரண்டு வீட்டுக் கோழிகளும் ஒரே இடத்தில் மேய்வதை நிறுத்தவும் முடிவானது. முன்பே செய்திருக்க வேண்டிய பிரிப்பு அது. புதிதாக வந்த கோழியை ஊர்க்கோழிகளோடு உடனே விடக்கூடாது என்பதை நாட்டுக்கோழி வளர்ப்பவர்களே அதிகம் அறிவார்கள்.

சிவப்பு வளையம்: நார் அடைப்பு

தீவனம் நிறுத்தப்பட்டு, தண்ணீர் மட்டும் வைக்கப்பட்டது. மருத்துவர் மென்மையான குழாய் வழியே வெதுவெதுப்பான உப்புநீரைச் சிறிது செலுத்தி, தீனிப்பையை வெளியிலிருந்து மெதுவாகப் பிசைந்துவிட்டார். வீட்டிலும் நாளைக்குச் சில முறை அவ்வாறே பிசைந்துவிடச் சொன்னார். நல்லெண்ணெயை நிறைய ஊற்றி உருவிவிடலாம் என்று ஆயா சொன்னார். மருத்துவர் அதை ஏற்கவில்லை. நார்த்திரளை எண்ணெய் கரைக்காது, ஊற்றும்போது மூச்சுக்குழலில் இறங்கிவிட்டால் நுரையீரல் கெடும் என்பது அவர் சொன்ன காரணம். இரண்டு நாளில் ஓரங்கள் சற்று இளகின, நடுத்திரள் அசையவில்லை. எடை 1.18 கிலோவிலிருந்து 1.09 கிலோவாக இறங்கியது. மேலும் காத்திருந்தால் அறுவையைத் தாங்கும் வலு கோழிக்கு இருக்காது என்பதால் தீனிப்பையைத் திறக்க முடிவு செய்யப்பட்டது.

இங்கு ஒரு விவாதம் எழுந்தது. ஆயா பல ஆண்டுகளாகப் பிளேடால் கீறி, திரளை எடுத்துவிட்டு, துணி தைக்கும் ஊசிநூலால் தைத்து அனுப்பும் கைப்பழக்கம் உள்ளவர். "கறிக்கடைக் கோழிக்கு இவ்வளவு செலவா? குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். தாம் தைத்த கோழிகள் பிழைத்ததை அவர் சொன்னது பொய்யில்லை. பிழைத்தவை நினைவில் நிற்கின்றன, மற்றவை குழம்புக்குப் போய்விட்டன என்பது என் எண்ணம். மருத்துவரின் மறுப்பு வேறு இடத்தில் இருந்தது: தீனிப்பையின் சுவரும் மேல்தோலும் இரண்டு தனி அடுக்குகள்; இரண்டையும் சேர்த்து ஒரே தையலாகப் போட்டால் அவை ஒட்டிப்போகும், தையல் விட்டால் தின்ற தீனி வெளியே வழியும். தவிர, மரத்துப்போகச் செய்யாமல் கீறுவதை அவர் எந்த நிலையிலும் ஏற்கவில்லை.

அறுவை மருத்துவரின் மேசையில் நடந்தது. இறகுகள் களையப்பட்டு, எடைக்கேற்ப மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் நீர்த்துப் போடப்பட்டது. இரத்தக் குழாய்களைத் தவிர்த்து இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, வளைந்த இடுக்கியால் மருத்துவர் இழுத்தபோது, திரள் துண்டு துண்டாக வராமல் முறுக்கிய கயிறாக நீண்டு வந்தது. தட்டில் பிரித்துப் பார்த்தோம். பாதிக்கு மேல் சவுக்குச் சருகு. முழு நீளத்தில், கணுக்கணுவாக, ஒன்றும் அரைபடாமல் இருந்தது. அதில் அறுகம்புல் பின்னியிருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியிருந்தது ஒரு வெள்ளை நூல். தீவன மூட்டையின் வாயைத் தைக்கும் நூல்தான் அது. மூட்டையைப் பிரிக்கும்போது உருவி எறிவது வழக்கம், அது எங்கே விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. உள்ளே கழுவியபின், சுவர் கரையும் நூலால் தனியாகவும், தோல் தனியாகவும் தைக்கப்பட்டன. வலி மருந்து தரப்பட்டது. மறுநாளிலிருந்து நனைத்த தீவனமும் மசித்த அவித்த முட்டையும் சிறு சிறு அளவில் பல வேளைகளாகக் கொடுக்கப்பட்டன.

நீல வளையம்: புளித்த தீனிப்பை

ஆயா இந்தக் கோழியின் வாயை மோந்து, "கள்ளு வாடை அடிக்குது பாருங்க" என்றார். நடந்துகொண்டிருந்ததும் ஏறத்தாழ நொதித்தல்தான். கேண்டிடா என்னும் பூஞ்சை கோழியின் வாயிலும் குடலிலும் சிறிதளவு எப்போதும் இருக்கக்கூடியது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் பெருகவிடாமல் அடக்கி வைத்திருக்கும். டெட்ராசைக்ளின் அந்த நுண்ணுயிரிகளைக் குறைத்தது, சோறும் பழமும் பூஞ்சைக்கு உணவாயின, மழையில் நனைந்து பூசணம் பிடித்த தீவனமும் சேர்ந்துகொண்டது என்று மருத்துவர் கருதினார். வாய்ப்படிவைத் துடைத்தெடுத்து நுண்ணோக்கியில் பார்த்ததில் பூஞ்சை உறுதியானது.

உறவினர் ஒருவர் கைப்பேசியில், கோழியைத் தலைகீழாகப் பிடித்துத் தீனிப்பையை அமுக்கி நீரைக் கக்க வைக்கும் காணொளியைக் காட்டினார். அது செய்யப்படவில்லை. கோழியின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் வேர்ப்பகுதிக்குப் பின்னாலேயே திறந்திருப்பதால், மேலேறி வரும் நீர் நேராக அதில் புகும். நலிந்த கோழி அங்கேயே மூச்சுத் திணறிச் சாகலாம். மருத்துவர் தலையை நிமிர்த்திப் பிடித்துக் குழாய் வழியாக நீரை உறிஞ்சி எடுத்தார். தீவனக் கடையில் சொன்ன மற்றொரு யோசனை, துருசை (செப்பு சல்பேட்) குடிநீரில் கலப்பது. இந்தக் கோழி ஓயாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததால் எவ்வளவு துருசு உள்ளே போகும் என்று கணிக்க வழியில்லை. துருசு அளவு மீறினால் நஞ்சு. அதுவும் கைவிடப்பட்டது.

நிஸ்டாடின் என்னும் பூஞ்சைக்கொல்லித் திரவம், உடல் எடையில் கிலோவுக்கு 3 லட்சம் அலகு என்ற கணக்கில் நாளைக்கு இருவேளை என எழுதித் தரப்பட்டது. இந்த மருந்து குடலிலிருந்து இரத்தத்துக்குச் செல்வதில்லை. பூஞ்சையின் மேல் நேராகப் பட்டால்தான் பலன். ஆகவே தீனிப்பை காலியாக இருக்கும்போது, தீனிக்கு முன் கொடுக்க வேண்டும் என்பதும், தீனி கொடுத்த பிறகு கொடுத்தால் பாதி வீணாகும் என்பதும் ஆசிரியைக்கு விளக்கப்பட்டன. சோறு, ரொட்டி, பழம் எல்லாம் நின்றன. டெட்ராசைக்ளின் நிறுத்தப்பட்டது. ஐந்தாம் நாள் வாடை போயிற்று. பத்து நாள் மருந்து முழுவதும் கொடுக்கப்பட்டது.

மஞ்சள் வளையம்: நோய் தீனிப்பையில் இல்லை

மூன்றில் இதுவே மிக லேசாகத் தெரிந்தது; மருத்துவர் இதைத்தான் அதிக நேரம் பார்த்தார். தீனிப்பையைத் தொட்டுவிட்டு, கையை அடிவயிற்றுக்குக் கொண்டுபோனார். வயிறு பந்தாகத் தொங்கியது, வால் தாழ்ந்து உடல் நிமிர்ந்த நிற்பு, எச்சம் மஞ்சள் கலந்து ஒட்டியிருந்தது. எடை அதிகம் என்று நாம் மகிழ்ந்ததற்கான காரணம் வயிற்றுக்குள் கோத்திருந்த நீர். ஊசியால் எடுத்ததில் கலங்கிய மஞ்சள் நீர் வந்தது. கருமுட்டைக் குழாய்க்குள் போகாமல் வயிற்றறைக்குள் விழுந்த மஞ்சள் கருவால் வயிற்றுச் சவ்வு அழன்றிருந்தது. குடல் அசைவு நின்றால் அரைவைப்பை காலியாகாது, அது காலியாகாவிட்டால் தீனிப்பையும் இறங்காது. இந்தக் கோழியின் தீனிப்பைக்கு மட்டும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் அது நமக்கு ஆறுதலாக இருந்திருக்குமே தவிரக் கோழிக்குப் பயன் இருந்திருக்காது.

நீரை வடித்து, நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துச் சில வாரம் நீட்டிக்கலாம். ஆனால் அடுத்த முட்டை உருவாகும்போது மீண்டும் இதே நிலை வரும். முட்டையிடுவதை நிறுத்தும் ஹார்மோன் உள்வைப்பு சில நாடுகளில் இத்தகைய கோழிகளுக்குப் பயன்படுகிறது, நமக்கு அது கைக்கெட்டவில்லை. ஆசிரியை ஓரிரவு யோசித்துவிட்டு, வலியின்றி உயிரை முடித்துவிடுமாறு மருத்துவரைக் கேட்டுக்கொண்டார். பிணப்பரிசோதனையில் வயிற்றறை முழுவதும் வெந்த மஞ்சள் கருவை ஒத்த கட்டிகள், ஒன்றோடொன்று ஒட்டிய குடல். தீனிப்பையின் உட்சுவரில் பூஞ்சையோ புண்ணோ இல்லை.

பின்னர் நடந்தவை

சிவப்பு வளையக் கோழியின் தோல் தையல் பத்து நாளுக்குப்பின் எடுக்கப்பட்டது. தீனிப்பை விடியற்காலையில் காலியாகிறது; தை மாதத்தில் எடை 1.36 கிலோ. நீல வளையக் கோழி பூஞ்சையிலிருந்து தேறினாலும், நீரால் பலநாள் விரிந்த தீனிப்பைச் சுவர் பழைய இறுக்கத்துக்குத் திரும்பவில்லை. ஒருமுறை பட்டாணி அதிகமாகத் தின்றபோது மறுநாள் காலை பாதி நிறைந்தே இருந்தது. அதற்கு இப்போதும் தீனி நான்கு வேளையாகப் பிரித்தே வைக்கப்படுகிறது. மருந்து கொடுத்த காலத்து முட்டைகள் எல்லாம் புதைக்கப்பட்டன.

மாற்றப்பட்டவை

சவுக்குச் சருகு முழுவதும் வாரி எடுக்கப்பட்டு உமி பரப்பப்பட்டது. மணிலாத் தோல் (நிலக்கடலைத் தோல்) மலிவாகக் கிடைக்கும் காலத்தில் அதுவும் ஆகும், நனையாமல் இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. புல் அரிவாளால் விரற்கடை அளவுக்கு நறுக்கித் தரப்படுகிறது. மூட்டை நூல் உருவியவுடன் ஆணியில் மாட்டப்பட்டுப் பின்னர் எரிக்கப்படுகிறது.

கிளிஞ்சல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், கடலோர ஊர்களில் இந்தக் குழப்பம் பரவலாக உள்ளது. கிளிஞ்சல் வைத்தால் கோழிக்கு அரைக்கும் கல்லும் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அது சுண்ணாம்புச் சத்து. வயிற்று அமிலத்தில் கரைந்து முட்டை ஓட்டுக்குப் போய்விடும். அரைவைப்பையில் தங்கி அரைக்கக் கரையாத கல் வேண்டும். இப்போது மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவில் சலித்த கருங்கல் துகள் இன்னொரு சட்டியில் வைக்கப்பட்டுள்ளது. எந்தச் சட்டியில் எவ்வளவு வேண்டும் என்பதைக் கோழிகளே தேர்ந்துகொள்கின்றன.

மருத்துவர் எழுதித் தராமல் நுண்ணுயிர்க்கொல்லி எதுவும் தண்ணீரில் கலக்கப்படுவதில்லை. புதிய கோழி வந்தால் எடை மட்டும் போதாது. மார்பெலும்பையும் அடிவயிற்றையும் தடவிப் பார்த்து எடைக்குப் பக்கத்தில் எழுத வேண்டும், வந்த மறுநாள் விடியற்காலையில் தீனிப்பையையும் பார்க்க வேண்டும் என்று முறை வகுத்தோம். முதல் சில வாரம் அரைத்த தீவனம், பிறகு கல் துகள், அதன்பிறகே நறுக்கிய புல், கடைசியாக மேய்ச்சல்.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடக்கும் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பூசி இருவார முகாமுக்கு ஆயா தம் நாட்டுக்கோழிகளைக் கூடையில் கொண்டுபோனார். ஆசிரியையின் 11 கோழிகளும் உடன் சென்றன. இரண்டு வீடுகளுக்கும் நடுவே போட்ட வலைவேலி அப்படியே இருக்கிறது. மறுபடி கழிவுக்கோழிகள் வருமானால் ஒரே நேரத்தில் ஆறுக்கு மேல் ஏற்பதில்லை என்று ஆசிரியை வரையறுத்திருக்கிறார், விடியற்காலையில் ஒருவர் கையால் தடவிப் பார்த்து முடிக்கக்கூடிய எண்ணிக்கை அவ்வளவுதான்.